குமரி மாவட்டத்துப் பழைய மியூசியக் கடிதங்கள் (1918–1939): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, குழித்துறைப் பக்கம் பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலோ தகரப் பெட்டியிலோ ஒரு கட்டுக் கடிதம் கிடைக்கிறது. தலைப்பில் மியூசியத்தின் பெயர், கீழே காப்பாட்சியரின் கையெழுத்து. என்ன செய்வது, எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

இந்தக் கடிதங்கள் நம்ம ஊருக்கு எப்படி வந்தன?

இன்றைய குமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களிலும் ஒரு பழம்பொருளோ அபூர்வமான உயிரினமோ அகப்பட்டால் எழுத வேண்டிய முகவரி திருவனந்தபுரம்தான். அங்கே 1857இல் தொடங்கிய மியூசியம், 1880இல் முடிந்த நேப்பியர் கட்டடத்தில் இயங்கியது. கல்வெட்டு, கோயில், கோட்டை ஆகியவற்றைச் சமஸ்தானத்தின் தொல்லியல் துறை தனியாகக் கவனித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் பிரிட்டிஷ் திருநெல்வேலி. அந்தப் பக்கத்துச் சங்கதிகள் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. எஃப். எச். கிரேவ்லி 1920 முதல் 1940 வரை அங்கே கண்காணிப்பாளர்.

மறுமுனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், கோயில் நிர்வாகிகள், மிஷன்காரர்கள், மலைத் தோட்டக்காரர்கள், வனத்துறையினர், பார்வத்தியக்காரர்கள் (பகுதிக் கச்சேரியின் அதிகாரிகள்). உங்கள் தாத்தா இவர்களில் ஒருவராக இருந்தால் கட்டு உங்கள் வீட்டில் இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஒரு காப்பாட்சியர் தினமும் என்னதான் எழுதினார்?

பெரிய கண்டுபிடிப்பைப் பற்றிய கடிதம் வருடத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். மற்றதெல்லாம் வேலைக் கடிதம்.

முதலில் வருவது பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல்: "தங்கள் பெட்டி வந்து சேர்ந்தது, உள்ளே இருந்தவை இவை, இந்தப் பதிவு எண்ணில் சேர்க்கப்பட்டன." மூன்று வரிக்கு மேல் இருக்காது. கட்டில் மிகவும் மதிப்புள்ள தாள் அதுதான். பொருள் எந்த ஊரிலிருந்து, யார் கையிலிருந்து, எந்த நாளில் மியூசியத்துக்குள் வந்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது. குப்பைக் கூடைக்கு முதலில் போவதும் அதே தாள்தான் என்பதால் இதை முன்னாலேயே சொல்கிறோம்.

அடுத்தது அடையாளம் கேட்டு வரும் விசாரணைகள். ஒரு காசைத் தாளில் வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பியிருப்பார்கள். பதிலில் அரசன் பெயர், உலோகம், எடை, "அசலைப் பதிவுத் தபாலில் அனுப்பவும்" என்ற வேண்டுகோள் இருக்கும். பிரிட்டிஷ் பகுதியில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்துக் கடிதங்களில் காசு என்றதும் கலெக்டர் பெயரும் வருவது இதனால்தான்.

கல்வெட்டு என்றால் மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் நகல்) பற்றிய பேச்சு இருக்கும்: எத்தனை தாள், சுருட்டி அனுப்புவதா மடித்தா, எந்த வரி சரியாக விழவில்லை, மழை முடிந்து மறுபடி எடுக்க ஆள் எப்போது வரும். சிதறால், திருநந்திக்கரை, பார்த்திவசேகரபுரம், கன்னியாகுமரி ஆகிய ஊர்களின் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கல்வெட்டு ஆய்வாளர் டி. ஏ. கோபிநாத ராவ் காலத்திலிருந்தே அறிஞர்கள் கவனித்து வந்தவை. 1930களில் ஆர். வாசுதேவப் பொதுவாள் பொறுப்பில் தொல்லியல் துறை பத்மநாபபுரம் அரண்மனையைப் பழுதுபார்த்தது. அந்த ஆண்டுகளின் கடிதத்தில் தேக்கு, ஓடு, சுண்ணாம்பு, சுவரோவியம் என்று கண்டால் தனியே எடுத்து வையுங்கள்.

உயிரியல் பக்கம் வேறு உலகம். பறவை, விலங்குகளைப் பாடம் செய்ய ஆர்செனிக் சோப்பு, ஸ்பிரிட், பார்மலின், கண்ணாடிக் கண்கள், தக்கை என்று கொள்முதல் கடிதங்கள். குஞ்சு பொரித்த காலம், இறகின் நீளம் கேட்கும் கடிதங்கள். 1933இல் பறவையியலாளர் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அந்த வருடத்துக் கடிதத்தில் பறவைத் தோல், முகாம் என்ற சொற்கள் வந்தால் இதோடு தொடர்பு உண்டா என்று பார்ப்பது நல்லது.

மிச்சம் இருப்பவை பில், புகைப்படப் பிரதியின் விலை, ரயில்வே ரசீது, நினைவூட்டு. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல். ஆகவே அந்தக் காலத்தில் சிலையோ கல்லோ மாட்டு வண்டியிலும் லாரியிலும் திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ போய்த்தான் ரயில் ஏறியது. வழியில் கை உடைந்தது, பெட்டி நனைந்தது என்ற புகார்கள் நிறைய வரக் காரணம் இதுதான். பெட்டிக்குள் அடைத்த வைக்கோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காயலில் ஊறிய தும்பில் (தேங்காய் நாரில்) உப்பு ஒட்டியிருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பு கலந்த சிலையில் வெளிர் பச்சைப் பொடி பூக்கும், தட்டினாலும் மறுபடி வரும். கடிதத்தில் "பச்சைப் பொடி" என்று கண்டால் அது இந்த நோய். சென்னை மியூசியத்தில் 1930இல் வேதியியல் ஆய்வுக்கூடம் வந்த பிறகு, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் இப்படிப்பட்ட சிலைகளைச் சுத்தம் செய்தார்.

ஒரு தாளைக் கையில் எடுத்தால் எந்த வரிசையில் பார்ப்பது?

வாசகத்தைக் கடைசியில் படியுங்கள். முதலில் தாளின் ஓரங்கள்.

மேலே இடது பக்கம் கடித எண். சாய்கோட்டுக்குப் பின் வருவது ஆண்டு. அதன் கீழே "உங்கள் கடிதம் எண் இன்ன, தேதி இன்ன" என்று ஒரு வரி இருந்தால், இது பதில் கடிதம்; முந்தையது எங்கோ இருக்கிறது. இடது ஓரத்தில், வாசகத்தின் நடுவே ஏதாவது ஒரு வரிக்கு நேராகச் சின்னச் சாய்கோடு போட்டிருக்கும். இதைக் கறை என்றோ பேனா நழுவல் என்றோ நினைக்காதீர்கள்: அந்த வரியில் சொன்ன பொருள் இதனுடன் இணைக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. சாய்கோடு இரண்டு இருந்து, கட்டில் இணைப்பு ஒன்றுதான் இருந்தால், ஒன்று காணாமல் போயிருக்கிறது.

பிறகு தாளைத் திருப்புங்கள். நீளவாக்கில் மடித்த தாளின் முதுகில் குமாஸ்தா எழுதிய சுருக்கம், வந்த தேதி, யார் யார் பார்வைக்குப் போனது என்ற இனிஷியல்கள் இருக்கும். சென்னை மாகாண அலுவலகத் தாளில் "ஆர். டிஸ்.", "டி. டிஸ்.", "எல். டிஸ்.", "என். டிஸ்." என்று காணலாம். டிஸ். என்பது டிஸ்போசல், அதாவது தாளை முடித்த விதம். ஆர் என்றால் நிரந்தரமாக வைக்க, டி என்றால் குறித்த காலத்துக்குப் பின் அழிக்க, எல் என்றால் கொஞ்ச காலம் வைக்க, என் என்றால் அசலையே திருப்பி அனுப்பியாயிற்று. உங்கள் கையில் "என். டிஸ்." தாள் இருந்தால், அலுவலகத்தில் அதன் நகலைத் தேடிப் பயனில்லை, ஒரே பிரதி உங்களிடம்தான்.

"டி. ஓ." என்று தொடங்குவது அரை அலுவல் கடிதம். அதிகாரி பெயரைச் சொல்லி அழைத்து, மனம் விட்டு எழுதுவது அதில்தான். முழு அலுவல் கடிதத்தின் முடிவில் வரும் "தங்கள் மிகப் பணிவான ஊழியன்" என்பது வெறும் வழக்கம். அதை வைத்து யார் யாருக்குக் கீழே என்று முடிவு செய்ய வேண்டாம்.

தேதியில் 1108 என்று இருக்கிறதே?

கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர் அரசு அலுவலகங்கள் இதைத்தான் புழங்கின, பல கடிதங்களில் ஆங்கிலத் தேதியும் பக்கத்தில் இருக்கும். ஆண்டு சிங்ஙம் (ஆவணி) முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். சிங்ஙத்திலிருந்து டிசம்பர் 31 வரை 824ஐக் கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825ஐக் கூட்டுங்கள். சிங்ஙம் 1108 என்றால் 1932. மகரம் (தை) 1108 என்றால் 1933.

தவறு நடப்பது தனு (மார்கழி) மாதத்தில். டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவதால், தனு 10 ஒரு வருடத்திலும் தனு 25 அடுத்த வருடத்திலும் விழும். அந்த மாதத்துக் கடிதங்களைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள். இன்னொன்று, கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிவது: "08" என்று சுருக்கி எழுதியதை 1908 என்று எடுத்துக்கொண்டு கட்டையே 25 வருடம் முன்னால் தள்ளிவிடுவார்கள்.

உறையில் சங்கு போட்ட தபால்தலை. இது என்ன?

திருவிதாங்கூர் அஞ்சல். சமஸ்தானத்துக்குச் சொந்தமான தபால் துறை. 1888 முதல் சக்கரம் (சமஸ்தானத்து நாணயம்) மதிப்பில் தலைகள் வெளியிட்டது, 1951இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. இந்தத் தலை பிரிட்டிஷ் இந்தியாவில் செல்லாது. தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் மியூசியத்துக்கு அஞ்சலில் போடலாம். அதே ஆள் எழும்பூருக்கு எழுத வேண்டுமென்றால் பிரிட்டிஷ் தபாலாபீசுக்குப் போய் பிரிட்டிஷ் ராஜா படம் போட்ட தலை ஒட்ட வேண்டும். ஆகவே உறை தனியே கிடைத்தாலும் கடிதம் எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடலாம்.

தலையின் மேல் "ஆன் எஸ் எஸ்" என்று அச்சடித்திருந்தால் சர்க்கார் சேவை: மியூசியம் தன் செலவில் அனுப்பியது. அந்த மேலச்சு இல்லாத தலை ஒட்டிக் காப்பாட்சியர் எழுதியிருந்தால் அது சொந்தக் கடிதம், உள்ளே அபிப்பிராயம் இருக்க வாய்ப்பு உண்டு. 1939இல் வந்த தலைகளில் கன்னியாகுமரியும் பேச்சிப்பாறை அணையும் படமாக இருக்கின்றன. அவை ஒட்டிய உறை 1939க்கு முந்தியதாக இருக்க முடியாது.

தலைகளை வெட்டி எடுத்துச் சேகரிப்பவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முத்திரையும் உறையும் சேர்ந்தால்தான் சாட்சி.

தேதியே இல்லாத கார்டு. எந்த வருடம் என்று கணிக்க முடியுமா?

பிரிட்டிஷ் இந்தியத் தபால் கார்டு என்றால் ஓரளவு முடியும். 1922 வரை கால் அணா, 1922 முதல் 1931 முடிய அரை அணா, பிறகு ஒன்பது பை (முக்கால் அணா). பழைய கால் அணாக் கார்டில் கூடுதல் தலை ஒட்டிப் போட்டிருந்தால் விலை ஏறிய பிறகு எழுதியது.

விமானத் தபால் குறிப்பும் உதவும். லண்டன்–கராச்சி சேவை 1929இல், கராச்சி–சென்னை 1932இல், பம்பாய்–திருவனந்தபுரம் 1935இல் தொடங்கின. அதற்கு முன் கப்பல்தான். லண்டன் மியூசியத்துக்குக் கேள்வி போய்ப் பதில் வர ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. இரண்டு வார இடைவெளியில் இருக்கும் கேள்வியையும் பதிலையும் ஜோடி சேர்த்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

ஊர்ப்பெயர்கள் புரியவில்லை.

ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியவை. அரம்போலி என்பது ஆரல்வாய்மொழி. கேப் கொமரின் கன்னியாகுமரி, கொலாச்சல் குளச்சல், டக்கலே தக்கலை, ஊதகிரி உதயகிரி (திருவிதாங்கூர்ப் படைத்தலைவர் டி லன்னாய் கல்லறை உள்ள கோட்டை), டின்னவேலி திருநெல்வேலி. பெயர்ப்பட்டியலில் சேர்க்கும்போது கடிதத்தில் உள்ள எழுத்தை அப்படியே வைத்து, இன்றைய பெயரைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

சக்கரம், பணம், மணங்கு: கணக்கு எப்படி?

16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் 28 சக்கரம் 8 காசு. பில்லில் அரைச் சக்கர வித்தியாசம் வந்தால் குமாஸ்தாவின் கூட்டல் பிழை என்று நினைக்க வேண்டாம், எந்த ரூபாய் என்று பாருங்கள்.

எடையில்தான் பெரிய சிக்கல். சென்னை மணங்கு 25 பவுண்டு, சுமார் 11 கிலோ. ரயில்வே மணங்கு 82 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், சுமார் 37 கிலோ. "சிலை 3 மணங்கு" என்பது 34 கிலோவா 112 கிலோவா என்பது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது: ரயில்வே ரசீது என்றால் பெரிய மணங்கு. காசுகளுக்குத் தோலா, 11.66 கிராம். கோயில் வேலை அளவுகளில் கோல் வரும், ஏறக்குறைய 72 செ.மீ.

மெல்லிய தாளில் ஊதா எழுத்து, இடம் வலமாகத் தெரிகிறது.

அனுப்பிய கடிதத்தின் அலுவலக நகல். சாயம் கலந்த நகல் மையில் எழுதிய கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து, இரும்புத் திருகு அழுத்தியில் இறுக்குவார்கள். மையில் கொஞ்சம் தாளுக்கு ஏறும். ஏறிய பக்கத்தில் எழுத்து திரும்பி இருக்கும், தாளைத் திருப்பி மறுபக்கத்தின் வழியே படிக்க வேண்டும். பின்னால் வெள்ளைத் தாள் வைத்தால் தெளியும்.

நீரால் ஏறிய மை நீரிலேயே கரையும். ஈர விரல், ஈரத் துணி, நீராவி எதுவும் ஆகாது. டைப் கார்பன் நகலுக்கு இவ்வளவு பயம் இல்லை, ஆனால் உரசினால் கறுப்பு பரவும்.

மங்கின எழுத்தைப் போனிலேயே மீட்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம், தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். படத்தின் மூன்று நிற அடுக்குகளைப் பிரிக்கும் செயலியில், பழுப்பாகிப்போன இரும்பு மைக்கு நீல அடுக்கையும், ஊதா மைக்குப் பச்சை அடுக்கையும் மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். எழுத்து கறுத்து எழும்பும். பென்சில் குறிப்புக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் போதும். ஸ்கேனர் இருந்தால் கடிதத்துக்கு 300 டிபிஐ, முத்திரைக்கு 600. வெற்றுப் பக்கம் உட்பட இரு பக்கமும் எடுக்க வேண்டும்.

துருப்பிடித்த குண்டூசி, இராமபாணம், பூஞ்சை: வீட்டிலேயே என்ன செய்யலாம்?

குண்டூசியை இழுக்காதீர்கள், துரு தாளைப் பிடித்திருக்கும், துண்டாகப் பிய்ந்து வரும். ஊசிக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் துண்டை மெதுவாக நுழைத்து, ஊசியைத் தூக்கி நிறுத்தி, வந்த வழியே பின்னுக்கு நகர்த்துங்கள். எடுக்குமுன் எந்தத் தாள்கள் அந்த ஊசியில் ஒன்றாக இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள், அது ஒரு தகவல்.

தூசிக்கு மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகை, நடுவிலிருந்து ஓரத்துக்கு. செல்லோடேப், லேமினேஷன், ரப்பர் பேண்ட், பெவிக்கால் எதுவும் வேண்டாம். இராமபாணம் உயிரோடு இருந்தால் கட்டை இரண்டு பாலித்தீன் பைகளில் காற்றுப் புகாமல் மூடி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விட வேண்டும், இல்லையென்றால் தாளில் நீர் பூக்கும். கண்ணாடி நெகட்டிவ்களை ஒருபோதும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றில் உப்பும் உண்டு. சுவரோடு ஒட்டிய, மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் இரும்பு பீரோதான் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த இடம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஈரமானி ஒன்று வாங்கிப் பீரோவுக்குள்ளேயே வைக்கலாம். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, வெயில் உள்ள நாட்களில் திறந்து விடுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைப்பதில் தவறில்லை. வேப்பிலையைத் தாள்களுக்கு நடுவே வைத்தால் கறை விழும்.

கடிதத்தோடு பறவைத் தோலும், நூலில் கட்டிய சீட்டும், வெள்ளைப் பொடியும் இருக்கின்றன.

தொடாதீர்கள், ஊதாதீர்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். அந்தக் காலத்துத் தோல்களில் ஆர்செனிக் சோப்புத் தடவுவது வழக்கம். எத்தனை வருடம் ஆனாலும் வீரியம் குறையாது. சீட்டிலும் ஒட்டியிருக்கும். நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும் போட்டு முழுவதையும் பையில் இட்டு, "ஆர்செனிக்" என்று மேலே எழுதி, உயிரியல் பிரிவு உள்ள அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். சீட்டை நூலிலிருந்து பிரிக்க வேண்டாம். சீட்டில்லாத தோலுக்கு ஆய்வு மதிப்பு ஏறக்குறைய இல்லை.

எங்கள் கோயில் சிலை கடிதத்தில் வருகிறது. சிலை இப்போது இல்லை. இது ஆதாரமாகுமா?

உயரம், கை முத்திரை, உடைந்த இடம், பீடத்து எழுத்து என்று அடையாளம் சொல்லும் கடிதமாக இருந்தால் பயன் பெரிது. "ஒரு விஷ்ணு சிலை" என்று மட்டும் இருந்தால் தனியாக நிற்காது. மூன்றைத் தேடுங்கள்: அதே தேதியை ஒட்டிய பெற்றுக்கொண்ட ஒப்புதல், பதிவு எண், புகைப்படத் தகட்டின் எண். சிலை பார்வைக்கு மட்டும் போய்த் திரும்பியிருக்கவும் கூடும். அப்படியானால் திருப்பி அனுப்பிய ரசீது ஒன்று இருக்க வேண்டும். அசலை யாருக்கும் கொடுக்காமல் ஸ்கேன் எடுத்து, கோயில் நிர்வாகத்தின் வழியாகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எழுதுங்கள்.

கடிதத்தின் மறுபாதியை எங்கே தேடுவது?

திருவிதாங்கூர் அலுவலகக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக்காப்பகம். சென்னை மாகாணத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம். பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மாவட்டத்தில் இருந்தாலும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் நிர்வாகம், ஆகவே அது பற்றிய பழைய தாள்களை நாகர்கோவிலில் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். போகும்போது பொருளின் பெயரை மட்டும் கொண்டு போனால் கிடைக்காது. கடித எண், கொல்லம் ஆண்டு, எழுதிய துறை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

விற்கலாமா? இணையத்தில் போடலாமா?

75 வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படிகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனிநபர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அலுவலக நகலோ பதிவேடோ உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அது அரசுச் சொத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். விற்பதற்கு முன் ஆவணக்காப்பகத்தைக் கேளுங்கள். உங்கள் தாத்தாவுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவர் வாரிசுக்கோ, அலுவல் கடிதமானால் அரசுக்கோ உரியதாக இருக்கலாம். முழுதாக வெளியிடுமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கொடுத்தாலும் கட்டைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். பிரபலங்களின் கையெழுத்து உள்ள நாலைந்தை மட்டும் கேட்டு வருபவர்கள் உண்டு. கூடவே இருக்கும் ரசீதும் நினைவூட்டும் உறையும் போனால், அந்தக் கையெழுத்து எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்ல ஆள் இருக்காது. கொடுப்பதற்கு முன் பட்டியல் ஒன்று போட்டு, ஒவ்வொரு தாளின் பின்புறம் கீழ் இடது மூலையில் மென்மையான பென்சிலால் வரிசை எண் இடுங்கள். பேனா வேண்டாம்.